எரிந்தால்தான் மருந்தா?

என் பாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். விடியுமுன் எழுந்து, காண்டா வாளியைத் தோளில் சுமந்து, மேடும் பள்ளமுமான நிரைகளில் ஏறி இறங்கிய கால்கள் அவருடையவை. தோட்டத்தை விட்டு வீடமைப்புப் பகுதிக்கு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. முட்டிவலி மட்டும் கூடவே வந்துவிட்டது.

அவருடைய தலைமாட்டில் கோடாலித் தைலமும் புலித் தைலமும் எப்போதும் இருக்கும். உங்கள் வீட்டிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். இரவில் முட்டியில் தேய்த்துவிடுவது சின்ன வயதிலிருந்தே என் வேலை. "இன்னும் நல்லா தேய்ம்மா, சூடு ஏறட்டும்" என்பார். சூடு ஏறினால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அது எங்கள் வீட்டு அறிவியல்.

நான் மருந்தாக்கியல் முதலாண்டு படித்தபோது, மருத்துவர் சொன்னதன்பேரில் பாட்டிக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். இரண்டு நாள் தடவினார். மூன்றாம் நாள் குழாயை என்னிடமே நீட்டிவிட்டார். "எரியவே இல்லியேம்மா. தண்ணியத் தடவின மாதிரி இருக்கு. இதுக்கா இவ்வளோ காசு?" என்றார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். குழாய் அலமாரிக்குப் போயிற்று.

நான்கு மாதம் கழித்து ஒருநாள் காலையில் குளியலறையில் மயங்கி விழுந்தார். மலம் தார் போலக் கறுத்துப் போயிருந்தது. இரைப்பையில் புண், இரத்தக் கசிவு என்றார்கள். மருத்துவமனையில் இரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. அவருடைய தலையணையை எடுத்துத் தட்டியபோதுதான் அடியில் இருந்த மாத்திரை அட்டைகளைப் பார்த்தோம். யாரோ தெரிந்த கடையில் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரைகள். வலி கூடும்போதெல்லாம் ஒன்று, சில நாளில் மூன்று.

எனக்குப் பாட்டிமீது கோபம் வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. எரியாத ஒன்று எப்படி மருந்தாகும்? ஓராண்டு பல்கலைக்கழகத்தில் படித்த எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சிரிக்கத்தான் தெரிந்தது.

முதலில் அந்தச் சூட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தோலில் இருக்கும் நரம்பு முனைகளில் வெப்பத்தை உணரும் புரதம் ஒன்று உண்டு. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் அதே புரதத்தைத் தொட்டு எழுப்புகிறது. அதனால்தான் மிளகாய் பட்ட இடம் சுடுகிறது. குளிரை உணரும் இன்னொரு புரதத்தை மெந்தால் எழுப்புகிறது. இந்த உணர்விகளைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டாபூட்டியன் இருவருக்கும் 2021இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. தைலம் தேய்த்தால் வரும் சூடும் குளிர்ச்சியும் நரம்பு மூளைக்கு அனுப்பும் செய்திகள். அந்தச் செய்தியின் சத்தத்தில் வலி கொஞ்ச நேரம் அமுங்கிப் போகிறது. அதுவும் ஒரு நிவாரணம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் முட்டிக்குள் நடக்கும் அழற்சியை எந்த அளவுக்கு மருந்து எட்டியிருக்கிறது என்பதை அந்தச் சூடு அளந்து காட்டாது. வெப்பமானி காட்டுவதை எடையென்று நினைத்துக்கொள்வது போன்ற தவறு அது.

டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென், கீட்டோபுரோஃபென் போன்ற மருந்துகள் வேறு வழியில் வேலை செய்கின்றன. அடிபட்ட அல்லது தேய்ந்த இடத்தில் உடல் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்களை உற்பத்தி செய்கிறது. வீக்கமும் வலியும் கூடுவதற்கு அவை ஒரு முக்கியக் காரணம். ஆஸ்பிரினும் அதன் உறவுக்கார மருந்துகளும் இந்த உற்பத்தியைத் தடுக்கின்றன என்பதை ஜான் வேன் 1971இல் காட்டினார். அதற்காக அவரும் 1982இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சிக்கல் என்னவென்றால், இதே புரோஸ்டாகிளாண்டின்கள்தாம் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கின்றன. சிறுநீரகத்துக்கு இரத்தம் சீராகப் போகவும் துணை நிற்கின்றன. மாத்திரையாக விழுங்கினால் மருந்து இரத்தத்தில் கலந்து எல்லா இடத்துக்கும் போகிறது. வலிப்பது முட்டி. அடி வாங்குவது வயிறு. என் பாட்டிக்கு நடந்தது அதுதான்.

அப்படியானால் வலிக்கும் இடத்திலேயே மருந்தைப் பூசிவிடலாமே என்று தோன்றும். அந்த எளிய யோசனைக்குக் குறுக்கே ஒரு சுவர் நிற்கிறது.

தோலின் மிக மேலான அடுக்கு இறந்துபோன உயிரணுக்களால் ஆனது. உடலின் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் ஏறக்குறைய 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். நீங்கள் கையில் வைத்திருக்கும் பயிற்றுப் புத்தகத்தின் தாள் சுமார் 100 மைக்ரோமீட்டர் இருக்கும். தாளில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாத இந்த அடுக்குதான் மழையில் நனைந்தாலும் நாம் ஊறிக் கரையாமல், வெயிலில் நின்றாலும் காய்ந்து போகாமல் காக்கிறது. செங்கல்லும் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர் என்று பாடநூல்கள் இதை வருணிக்கும். கெட்டியான தட்டை உயிரணுக்கள் செங்கல். அவற்றுக்கு இடையில் உள்ள கொழுப்பு சாந்து. ஒரு மருந்து மூலக்கூறு பெரும்பாலும் அந்தச் சாந்தின் வழியாகத்தான் வளைந்து வளைந்து உள்ளே போக வேண்டும்.

எல்லா மூலக்கூறும் போக முடியாது. மூலக்கூற்று எடை 500க்கு மேல் போனால் தோலைக் கடப்பது கடினம் என்பது துறையில் பரவலாகச் சொல்லப்படும் கைக்கணக்கு. டைக்ளோஃபெனாக் 296, இபுபுரோஃபென் 206. இவை தேறிவிடும். இன்சுலின் சுமார் 5,800. அதனால்தான் அதை ஊசியில் ஏற்றுகிறார்கள், தடவுவதில்லை. எடை சரியாக இருந்தாலும் போதாது. சாந்து கொழுப்பானது, ஆகவே மருந்து கொழுப்பில் கரைய வேண்டும். அதைத் தாண்டினால் வரும் உயிருள்ள திசு நீர்மயமானது. ஆகவே நீரிலும் ஓரளவு கரைய வேண்டும். எண்ணெயோடும் தண்ணீரோடும் ஒரே நேரத்தில் ஒத்துப்போகும் குணம் எத்தனை பொருளுக்கு இருக்கும்?

ஜெல் செய்பவரின் வேலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. நான் இந்தப் படிப்பில் காதல் கொண்டதும் இந்த இடத்தில்தான். கார்போமர் என்று ஒரு வெள்ளைப் பொடி இருக்கிறது. நூறு கிராம் நீரில் ஒரு கிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தூவிக் கலக்கினால் மங்கலான, சற்று அமிலத்தன்மையுள்ள நீர்தான் கிடைக்கும். அதில் சில சொட்டு காரப்பொருளை விட்டுக் கிளறினால், கண் எதிரே அது கெட்டியாகிறது. சுருண்டு கிடந்த நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளி விரிந்து, நீரைத் தம் வலைக்குள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கரண்டியைத் தூக்கினால் நிற்கும். விரலால் தேய்த்தால் இளகி ஓடும். முதல் முறை ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்தபோது எனக்குப் பாட்டி அகர் அகர் காய்ச்சும் ஞாபகம்தான் வந்தது. ஆனால் அகர் அகர் ஆறினால் உறையும். இது அமிலம் குறைந்தால் உறைகிறது.

அடுத்தது சாராயம். பல ஜெல்களில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சேர்ப்பார்கள். தடவியவுடன் அது ஆவியாகிப் போகும். போகும்போது தோலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால் 'சில்' என்று இருக்கும். உள்ளுறை வெப்பத்தைப் பற்றி இடைநிலைப்பள்ளி இயற்பியலில் படித்திருப்பீர்கள், அதேதான். பாட்டி "தண்ணி மாதிரி" என்றது இந்தக் குளிர்ச்சியை. ஆனால் ஆல்கஹால் வெளியேறிய பிறகு, தோலின் மேல் மிஞ்சிய படலத்தில் மருந்தின் செறிவு கூடுகிறது. அடோல்ஃப் ஃபிக் 1855இல் எழுதிய விதி சொல்வதென்ன? செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் பொருள் பரவும். வித்தியாசம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகமாகப் பரவும். ஆக, பாட்டி வெறும் தண்ணீர் என்று நினைத்த அந்த நிமிடத்தில்தான் மருந்து உள்ளே தள்ளப்படத் தொடங்கியிருந்தது. இதைத் தவிர, மருந்து கரைந்தே இருக்கப் புரோப்பிலின் கிளைக்கால், சாந்துக் கொழுப்போடு உறவாடச் சிறு எண்ணெய்த் துளிகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. எண்ணெய்த் துளிகளை ஜெல்லுக்குள் நிறுத்தி வைப்பதை எமல்ஜெல் என்பார்கள்.

இப்படிச் செய்தது தோலைக் கடக்கிறதா என்று பார்க்க ஃபிரான்ஸ் கலம் என்ற கண்ணாடிக் கருவி உண்டு. மேலே ஜெல், நடுவில் தோலோ செயற்கைச் சவ்வோ, கீழே உடல் வெப்பத்துக்கு அருகில் வைத்த உப்புநீர். ஒரு மணிக்கு ஒருமுறை கீழிருந்து சிறிது எடுத்து அளப்போம். சவ்வுக்கு அடியில் ஒரு காற்றுக்குமிழி சிக்கினால் போதும், அன்றைய ஆறு மணி நேரமும் வீண். எனக்கு மூன்று முறை வீணாகியிருக்கிறது.

இவ்வளவு பாடும் தேவைதானா, மருந்து நல்லதாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. தடவும் வலி மருந்துகளைப் பற்றிக் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட தொகுப்பாய்வைப் பாருங்கள். சுளுக்கு, தசைப்பிடிப்பு போன்ற திடீர் வலிகளில் டைக்ளோஃபெனாக் எமல்ஜெல் தடவியவர்களில் 78 விழுக்காட்டினருக்கு வலி பாதியாவது குறைந்தது. மருந்தில்லாத வெற்றுக் களிம்பு தடவியவர்களில் 20 விழுக்காட்டினருக்குத்தான் அப்படி ஆனது. அதே டைக்ளோஃபெனாக்கை வேறு வடிவங்களில் கொடுத்தபோது இந்த இடைவெளி சுருங்கிப் போயிற்று. மருந்து ஒன்றுதான். அதைச் சுமந்து சென்ற வாகனம்தான் வேறு.

ஆனால் இன்னொரு கணக்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே காக்ரேன் அமைப்பின் 2016ஆம் ஆண்டு ஆய்வின்படி, நாள்பட்ட மூட்டுத் தேய்மானத்தில் டைக்ளோஃபெனாக் தடவியவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு நல்ல பலன். வெற்றுக் களிம்பு தடவியவர்களிலும் பத்துக்கு ஐந்து பேருக்கு நல்ல பலன். பாட்டியின் வகை வலிக்கு ஜெல் தரும் கூடுதல் உதவி அவ்வளவுதான். இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பிறகு மறுபக்கத்தைப் பார்த்தேன். அமெரிக்காவில் 1 விழுக்காட்டு டைக்ளோஃபெனாக் ஜெல்லோடு தரப்படும் மருந்துக் குறிப்பின்படி, ஒரு முட்டிக்கு முழு அளவு தடவினாலும் இரத்தத்தில் சேரும் மருந்து, மாத்திரை விழுங்கும்போது சேர்வதில் ஏறக்குறைய 6 விழுக்காடுதான். சிறிய பலன், அதைவிட மிகச் சிறிய ஆபத்து. வயதானவரின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் நினைத்துப் பார்த்தால் இது நல்ல பேரம். அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் 2019இலும், பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இலும் முட்டித் தேய்மானத்துக்குத் தடவும் மருந்தைப் பரிந்துரைத்தது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

இப்போது மாணவர்களிடம் என் கருத்தைச் சொல்கிறேன். நம் பிள்ளைகளில் அறிவியல் நன்றாக வருபவர்கள் மருத்துவம் என்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் மருந்தாக்கியல். அதிலும் புதிய மருந்து கண்டுபிடிப்பது பெரிய வேலை, களிம்பு செய்வது சின்ன வேலை என்று ஒரு தரவரிசை. "நீ கிரீம் கலக்கப் போறியா?" என்று என் மாமா கேட்டார். ஆமாம் மாமா, கிரீம்தான் கலக்கப் போகிறேன். வேதியியல், இயற்பியல், உடலியல் மூன்றும் ஒரு சிறு குழாய்க்குள் சந்திக்கும் வேலை அது. பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகம் 1972இல் மருந்தாக்கியல் துறையைத் தொடங்கியது முதல் நம் நாட்டில் இதற்கான படிப்பு இருக்கிறது. ஆள்தான் வர வேண்டும்.

வருபவர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. இந்தத் துறையில் வரும் ஆய்வுக் கட்டுரைகளில் 'நேனோ' என்ற சொல்லுக்கு இருக்கும் மோகம் எனக்குச் சலிப்பாக இருக்கிறது. புதிய ஜெல் ஒன்று செய்வார்கள், செயற்கைச் சவ்வில் சோதிப்பார்கள், வேகமாகக் கடந்தது என்று எழுதுவார்கள், அதோடு முடிந்துவிடும். சவ்வுக்கு முட்டி வலிக்காது. நம் வானிலையில் வியர்வையில் நனைந்த தோலில் அந்தப் படலம் எவ்வளவு நேரம் நிற்கும்? வாத நோயால் விரல் மடங்காத ஒருவரால் அந்தக் குழாயின் மூடியைத் திறக்க முடியுமா? வழுவழுப்பாக இருந்தால் தைலத்துக்குப் பழகியவர் அதை நம்புவாரா? இந்தக் கேள்விகளுக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பார்க்கும் பொறுமை தேவை. அதில் நம் மாணவர்களுக்கு ஒரு சாதகம் உண்டு: தமிழில் மட்டுமே தன் வலியைச் சொல்லத் தெரிந்த பாட்டியிடம் பேச நம்மால் முடியும். எங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்த குறிப்புத்தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தது. பாட்டிக்கு அதில் படிக்கத் தெரிந்தது படம் மட்டுமே.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். கடைசி எழுத்து எக்ஸ் என்றால் சீட்டில்லாமல் வாங்கும் மருந்து, டி என்றால் பாரம்பரிய மருந்து. பசார் மாலாமில் ஒலிபெருக்கி வைத்து விற்கும், எண்ணே இல்லாத 'ஒரே நாளில் வலி போகும்' பொருள்களை விட்டு விலகுங்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு ஒளித்துக் கலக்கப்பட்டதை நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கீட்டோபுரோஃபென் ஜெல் தடவினால் அந்த இடத்தை வெயிலில் காட்டக்கூடாது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் மூடி வைக்க வேண்டும். திடலில் விளையாடும் மாணவர்கள் இதைக் கவனியுங்கள். எந்த ஜெல்லையும் தைலத்தையும் வெட்டுக்காயத்தில் தடவாதீர்கள், மேலே இறுகக் கட்டாதீர்கள், சுடுநீர்ப் பை வைக்காதீர்கள். தைலம் போன்ற மெந்தால், மெத்தில் சாலிசிலேட் பூச்சுகளால் தீக்காயம் போன்ற புண்கள் அரிதாக ஏற்பட்டதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012இல் எச்சரித்திருக்கிறது. ஜெல் தடவிக்கொண்டே அதே வகை மாத்திரையையும் விழுங்குவது இன்னொரு பொதுவான தவறு.

பாட்டி வீடு திரும்பியபோது, மாத்திரையை இனித் தொடவே கூடாது, ஜெல் தடவலாம் என்று மருத்துவர் சொல்லியனுப்பினார். இந்த முறை நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். இது எரியாது பாட்டி, எரிச்சலுக்கான பொருள் இதில் இல்லை. இரண்டு நாளில் தெரியாது, ஒரு வாரம் ஆகலாம். தோலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்கித்தான் உள்ளே போகும். தோட்டத்தில் பால் கோப்பையில் சொட்டுச் சொட்டாக வடியுமே, அந்த மாதிரி. கோப்பை நிறைய நேரம் ஆகுமல்லவா?

அவர் யோசித்தார். "அப்ப எவ்வளோ தடவணும்?" என்றார்.

முன்பு அவர் தடவியது ஒரு பட்டாணி அளவுதான். குறிப்புத்தாளில் இருந்தது 2 முதல் 4 கிராம், ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு முறை. கிராம் என்றால் பாட்டிக்குச் சர்க்கரையும் பருப்பும்தான். சமையல் தராசை எடுத்து வந்து, ஒரு துண்டு அட்டையை வைத்து, அதன்மேல் பிதுக்கிக்கொண்டே போனேன். எண் 4ஐத் தொட்டபோது நிறுத்தி, அந்த நீளத்தைப் பேனாவால் கோடு போட்டுக் காட்டினேன். "இவ்வளவா!" என்று வாயில் கை வைத்துக்கொண்டார். கோடு போட்ட அந்த அட்டை இப்போது நாள்காட்டிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. முட்டிவலி முழுதாகப் போகவில்லை. மாடிப்படியில் இன்னமும் கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்குகிறார். போன வாரம் பக்கத்து வீட்டு அத்தை வந்து ஜெல்லைக் கேட்டு வாங்கிப் பட்டாணி அளவு பிதுக்கியபோது, பாட்டி எழுந்து போய் அட்டையைக் கழற்றிக் கொண்டு வந்தார்.